பாலாநகரும் எங்கள் தாயாரும்

ஹைதராபாத்துக்கு வரும் நம்மவர் பார்த்துச் செல்லும் இடங்களின் வரிசையில் பாலாநகர் இராது. சார்மினாரையும் கோல்கொண்டாக் கோட்டையையும் உசேன் சாகர் ஏரியையும் கண்டு மகிழ்ந்து ஊர் திரும்புவோர், நகரின் வடமேற்கே கடைசல் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் நெருங்கி நிற்கும் இந்தப் பேட்டையை எட்டியும் பார்ப்பதில்லை. நம் இதழில் அன்பர்கள் தத்தம் குடியிருப்புப் பகுதிகளைப் பற்றி எழுதிவருவதைப் படித்து, நாங்களும் எழுத வேண்டுமென்று நெடுநாள் எண்ணியிருந்தோம். எதை எழுதுவது என்பதுதான் விளங்கவில்லை. ஒன்பது ஆண்டுகள் இங்கே குடியிருந்தும் பாலாநகரை நாங்கள் உண்மையில் அறிந்துகொண்டது சென்ற ஆண்டு ஒரு கிருத்திகை நாளன்று இரவில்தான். ஆகவே அந்த இரவைப் பற்றியே எழுதுகிறோம்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுவோம். இது மருந்தும் இரும்பும் வளர்த்த ஊர். 1961-ஆம் ஆண்டில் மத்திய அரசு ஐ.டி.பி.எல். என்னும் மருந்து நிறுவனத்தைத் தோற்றுவித்தது. சோவியத் நாட்டின் துணையோடு ரிஷிகேசத்தில் ஓர் ஆலையும், இங்கே பாலாநகரில் ஓர் ஆலையும், நம் சென்னை நந்தம்பாக்கத்தில் அறுவைக் கருவிகள் செய்யும் ஆலையும் எழுந்தன. வெளிநாட்டு மருந்தை வெளிநாட்டு விலைக்கே வாங்கிக்கொண்டிருந்த நாட்டில், மருந்துச் சரக்கை இங்கேயே செய்து காட்டிய இடங்களுள் பாலாநகர் ஒன்று. இங்கே வேலை பழகிய பலர் பின்னர்த் தாமே தொழில் தொடங்கினர். 1984-இல் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தைத் தொடங்கிய அஞ்சி ரெட்டியும் முன்னாளில் ஐ.டி.பி.எல்.லில் பணிபுரிந்தவரே. தாய் ஆலையோ தொண்ணூறுகளில் நலிந்தது. 2016-இல் அதனை மூடிவிட மத்திய அமைச்சரவை முடிவு செய்தது. இன்று அந்த நெடிய மதிலுக்கு உள்ளே மரங்களே மிகுதியாகத் தெரிகின்றன. அருகே 1965-இல் வந்த எச்.ஏ.எல். மின்னணுப் பிரிவும், 1968-இல் வந்த கருவி வடிவமைப்புப் பயிற்சிக் கழகமும், கூட்டுறவுத் தொழிற்பேட்டையும், பெயர்ப்பலகை கூட இல்லாத எண்ணற்ற பட்டறைகளும் உள்ளன. எங்கள் தெருவில் காலை ஆறு மணிக்கே இரும்பு அறுக்கும் ஓசை தொடங்கிவிடும். தாயார் முதல்முறை வந்தபோது, "இது என்னடா, ஊரெல்லாம் பல் கடிக்கிற சத்தம்?" என்று கேட்டார்.

நாங்கள் குடியிருப்பது பாலாநகர் நாற்சந்தியிலிருந்து பதேநகர் போகும் வழியில் ஒரு சந்து. பதேநகர் நிலையத்தில் உள்ளூர் ரயில் ஏறிச் சிகந்தராபாத்துக்கு அலுவலகம் செல்வது வழக்கம். அவ்வழியில் 'நேச்சர் க்யூர் ஹாஸ்பிடல்' என்றே ஒரு நிலையத்துக்குப் பெயர். அடுத்து வரும் பேகம்பேட்டையில்தான் 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். இப்படி நோயும் மருந்துமாகவே நிறைந்த வழியில் நாள்தோறும் போய்வந்தும், வீட்டில் இருந்த மாத்திரை அட்டையைப் படிக்கத் தெரியாதவர்களாக இருந்தோம்.

எங்கள் தாயாருக்கு அகவை எழுபத்திரண்டு. திண்டிவனத்துக்கு அருகே ஒரு சிற்றூர். மயிலம் முருகனை விட்டால் அவருக்கு வேறு தெய்வமில்லை. தந்தையார் மறைந்தபின் மூத்தவருடன் ஊரில் இருந்துவந்தார். எங்கள் இரண்டாம் குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்காகத் தாம்பரத்தில் சார்மினார் வண்டி ஏறி இங்கே வந்தார். அவருக்குப் பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. ஊரில் அதனை ஒரு பாரமாக யாரும் உணர்ந்ததில்லை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபின் மாத்திரைகள் வாசலுக்கே வந்துகொண்டிருந்தன. கொண்டுவரும் பெண்மணி தாயாரின் பக்கத்துத் தெரு, வந்தால் திண்ணையில் அமர்ந்து, "இன்னிக்கு என்னா சாப்பிட்டீங்க, கால் எரிச்சல் எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். தாயாரின் உடம்பைப் பற்றிய கணக்கெல்லாம் அவரிடம் இருந்தது. எங்களிடம் இல்லை.

கொண்டுவந்த மாத்திரை தீர்ந்தது. வெற்று அட்டைகள் இரண்டையும் மருந்துக் கடையில் காட்டினோம். கடைக்காரர் இரண்டு மருந்தும் ஒன்றாய்ச் சேர்ந்த ஒரே மாத்திரை இருக்கிறது, விழுங்குவது எளிது என்றார். வாங்கி வந்தோம். மருத்துவரைக் கேட்க வேண்டும் என்று தோன்றாமல் இல்லை. அடுத்த ஞாயிறு பார்ப்போம் என்று விட்டோம். இரண்டு வாரம் கழித்து ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் அண்ணன் பழைய மாத்திரைகளையே இரண்டு மாதத்துக்குக் கொடுத்தனுப்பினார். தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நிறத்தையும் அளவையும் கொண்டே மாத்திரையை அறிவார். ஊர் மருந்து ஒரு துணி முடிச்சிலும், ஹைதராபாத் மருந்து ஒரு டப்பாவிலும் இருந்தன. இரண்டையும் அவர் தவறாமல் உட்கொண்டார். "மாத்திரையை மட்டும் ஒருநாளும் விடக்கூடாது அம்மா" என்று பலமுறை வற்புறுத்தியவர்கள் நாங்களே.

கிருத்திகை வந்தது. விடியற்காலை நீராடி, பகலெல்லாம் உபவாசம். மாலையில் சிறிது பாலும் ஒரு வாழைப்பழமும். மாத்திரையை விடவில்லை.

இரவு மூன்று மணி இருக்கும். முனகல் கேட்டு மருமகள் விளக்கைப் போட்டாள். தாயாரின் புடவை, நீரில் நனைத்துப் பிழிந்ததுபோல் வியர்வையில் தோய்ந்திருந்தது. கண் பாதி திறந்திருக்கிறது. ஆனால் எங்களைக் காணவில்லை. ஏதோ சொல்கிறார், சொல் குழறுகிறது. வலக்கையைத் தூக்கிப் பிடித்தால் தொப்பென்று விழுகிறது. வாதம் என்றே இருவரும் முடிவு செய்தோம். தந்தையார் போனதும் அப்படித்தான். அந்த நொடியில் எங்கள் மனம் ஓடிய இடங்களை இங்கே எழுத விருப்பமில்லை. அண்ணனுக்கு எப்படிச் சொல்வது என்ற எண்ணமும் அவற்றுள் ஒன்று என்பதை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

108-ஐ அழைத்தோம். நம்மூரிலும் இன்று சிறுவர்க்குக் கூடத் தெரிந்த இந்த எண் பிறந்த ஊர் ஹைதராபாத்தான் என்பதை அன்பர்கள் சிலர் அறிந்திருக்கமாட்டார்கள். 2005-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் இங்கே தொடங்கிய பணி, 2008-இல் தமிழ்நாட்டுக்கு வந்தது. அன்றிரவு எங்களுக்கு அந்த வரலாறெல்லாம் நினைவில் இல்லை. மறுமுனையில் தெலுங்கில் ஒரு பெண்குரல்; அவ்வளவே. பதற்றத்தில் எங்களுக்கு ஒன்பதாண்டுத் தெலுங்கும் மறந்து, தமிழும் இந்தியும் கலந்து வந்தது. அந்தப் பெண் சிறிதும் கடிந்துகொள்ளாமல் ஒவ்வொன்றாகக் கேட்டார். மூச்சு இருக்கிறதா, அழைத்தால் பதில் வருகிறதா, எந்தச் சந்து, அருகில் என்ன அடையாளம்? இதற்குள் மருமகள் சூடான பாலில் சர்க்கரை போட்டு ஆற்றிக்கொண்டு தாயாரின் வாயருகே கொண்டுபோய்விட்டாள். அதைச் சொன்னதும் குரல் உயர்ந்தது: வாயில் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள், ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்! நினைவு தப்பியவர் வாயில் ஊற்றுவது வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக்குழாயில் இறங்கிவிடலாம் என்று பின்னர் அறிந்தோம். இனிப்புக் கொடுக்க வேண்டிய நோய்தான் அது. ஆனால் கொடுக்க வேண்டிய வழி அதுவன்று.

வண்டி எங்கள் சந்துக்குள் நுழையாது. ஒரு பக்கம் மூட்டை மூட்டையாக இரும்புச் சுருள், மறுபக்கம் இருசக்கர வண்டிகள். இரண்டாம் மாடியிலிருந்து தாயாரை எப்படி இறக்குவது? கீழ்வீட்டு அம்மாள் (வீட்டுக்குச் சொந்தக்காரர், தெலுங்கர்) சத்தம் கேட்டு வந்தவர், ஒரு வார்த்தையும் பேசாமல் எதிர்ப் பட்டறைக்கு ஓடினார். இரவுப் பணியில் இருந்த ஒடிசா மாநிலத்துப் பிள்ளைகள் மூவர், கை நிறைய எண்ணெய்க் கறையோடு வந்தனர். அவர்களை நாங்கள் ஆண்டுக்கணக்கில் பார்த்திருக்கிறோம், பேர் கேட்டதில்லை. சுத்தியல் ஓசைக்காக ஒருமுறை சண்டையிட்டதும் உண்டு. அவர்கள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தாயாரை அமர்த்தி, மேல்துண்டால் மார்போடு கட்டி, படி படியாக இறக்கிச் சந்து முனை வரை தூக்கிவந்தார்கள். ஒருவன் தாயாரின் தலை சாயாமல் பிடித்துக்கொண்டே நடந்தான். "மா, மா" என்று அவன் அழைத்துக்கொண்டே வந்தது இன்றும் காதில் இருக்கிறது.

வண்டியில் இருந்த உதவியாளர் இருபத்தைந்து வயதுக்கு மேற்படாத இளைஞர். நாங்கள் "வாதம், வாதம்" என்று சொல்ல, அவர் கேட்டுக்கொண்டே தாயாரின் விரல் நுனியில் ஊசியால் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்தார். கருவி 34 என்று காட்டியது. எழுபதுக்குக் கீழே வந்தாலே குறைவு என்பது கணக்கு. சர்க்கரை மிகத் தாழ்ந்தால் மூளைக்கு உணவின்றிப் போய், பேச்சுக் குழறுவதும், சிலருக்கு ஒருபக்கம் கைகால் விழுவதும் கூட உண்டாம்; வாதம் போலவே தோன்றுமாம். அதனால்தான் வாதம் என்று யார் சொன்னாலும் முதலில் விரலைக் குத்திப் பார்க்கிறார்கள். புறங்கை நரம்பில் குளுக்கோஸ் ஏறியது. வண்டி பதேநகர் ரயில் மேம்பாலத்தின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. நாள்தோறும் எந்தப் பாலத்தின் அடியில் ரயிலுக்கு நிற்கிறோமோ அதே பாலம். தாயார் கண்ணைத் திறந்து, சுற்றிலும் பார்த்து, "எங்கடா இட்டுக்கிட்டுப் போறீங்க என்னை?" என்று தெளிவாகக் கேட்டார். எங்களால் விடை சொல்ல முடியவில்லை. உதவியாளர்தான், தமிழ் தெரியாமலேயே, "ஏமீ லேதம்மா" என்று சொல்லிச் சிரித்தார்.

சனத்நகர்ப் பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். ரயில்வே ஊழியருக்கு லாலாகூடாவில் ரயில்வே மருத்துவமனை இருக்கிறதே என்று அன்பர்கள் கேட்கக்கூடும். சார்ந்து வாழும் விதவைத் தாயாரின் பெயரை எங்கள் மருத்துவ அட்டையில் சேர்த்துக்கொள்ள விதி இடமளிக்கிறது. அதற்கான தாள்கள் நான்கு மாதமாக எங்கள் மேசை இழுப்பறையிலேயே கிடந்தன. பிறருடைய மனுக்களை நாள் தவறாமல் மேலிடத்துக்கு அனுப்புவது எங்கள் தொழில். சொந்த மனு மட்டும் இழுப்பறையில் உறங்கிற்று. ஆக, அன்று முன்பணம் கட்டியது பக்கத்து வீட்டாரிடம் வாங்கிய கடனில்.

பணத்தைவிடக் கேள்விகளே எங்களை வாட்டின. என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? வெள்ளையாக ஒன்று, சிறியதாக ஒன்று. எந்த அளவு? தெரியாது. இதற்குமுன் இப்படி வந்ததுண்டா? தெரியாது. சிறுநீரகம் எப்படி? தெரியாது. கடைசியாக எப்போது நலமாகப் பார்த்தீர்கள்? இந்தக் கேள்வியை மருத்துவர் இருமுறை கேட்டார். உண்மையில் வாதமாக இருந்து, மூளைக் குழாயில் இரத்தம் உறைந்திருந்தால், நாலரை மணி நேரத்துக்குள் அதைக் கரைக்கும் மருந்தைக் கொடுக்க இயலும். எனவே அந்த நேரம் ஒருவர் வாழ்வுக்கே கணக்கு. நாங்கள் இரவு பத்து மணி என்றோம். சொன்ன பிறகுதான் நினைத்துப் பார்த்தோம். எட்டு மணிக்கே தாயார் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். பத்து மணிக்கு அவரைக் கடந்து போனோம்; முகத்தைப் பார்க்கவில்லை. ஒரே அறையில் இருந்துகொண்டு அன்று மாலை முழுவதும் அவரோடு ஒரு சொல் பேசியதாக எங்கள் இருவருக்கும் நினைவில்லை.

பொழுது விடிந்தபின் கீழ்வீட்டு அம்மாள் மாத்திரை முடிச்சையும் டப்பாவையும் பையோடு கொண்டுவந்து கொடுத்தார். மருத்துவர் இரண்டு அட்டைகளையும் மேசைமேல் அருகருகே வைத்து, பெரிய எழுத்தில் இருந்த வணிகப் பெயர்களை விரலால் மறைத்துக்கொண்டு, அடியில் எறும்பு ஊர்வதுபோல் இருந்த எழுத்தைப் படிக்கச் சொன்னார். இதிலும் கிளிமிபிரைடு, அதிலும் கிளிமிபிரைடு. கணையத்தைத் தட்டியெழுப்பி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மருந்து அது. உண்டாலும் உண்ணாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும். ஒரு பங்குக்கு இரு பங்காக உள்ளே போய், வயிற்றில் வாழைப்பழம் ஒன்றைத் தவிர வேறில்லாதபோது நிகழ்ந்ததுதான் அந்த இரவு. மருத்துவர் கடிந்து பேசவில்லை. அதுவே கடினமாக இருந்தது. ஒரே வண்டிக்குப் போகும்போது ஓர் எண், வரும்போது ஓர் எண் என்று பயணிகளுக்கு ஓயாமல் விளக்கிச் சொல்பவர்கள் நாங்கள். பெயர் இரண்டானாலும் சரக்கு ஒன்று என்பதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு விரல் மறைப்பு வேண்டியிருந்தது.

அன்று பகலே வீடு திரும்பிவிடலாம் என்று நினைத்தோம். விடவில்லை. முதியவர்களின் சிறுநீரகம் மெல்ல வேலை செய்வதால் இந்த மருந்து உடம்பில் நெடுநேரம் தங்கும். ஏற்றிய சர்க்கரை தீர்ந்ததும் மறுபடி தாழும் என்றார்கள். அவர்கள் சொன்னபடியே மாலை நாலு மணிக்கு மீண்டும் 58-க்கு இறங்கியது. இந்த முறை விழித்திருந்ததால், தாயாரே "கை நடுங்குது, எதாச்சும் குடு" என்று கேட்டு வாங்கிக் குடித்தார். தெளிந்துவிட்டார் என்று முதல் வண்டியிலேயே வீட்டுக்கு அழைத்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

அந்த இரண்டு நாளில் சிரிப்பும் இல்லாமல் இல்லை. செவிலியர் வந்து, "கள்ளு திருகுதுன்னாயா அம்மா?" என்று கேட்டார். தெலுங்கில் கள்ளு என்றால் கண்கள். நமக்குத் தலை சுற்றுகிறது. அவர்களுக்குக் கண் சுற்றுகிறது. தாயாருக்குக் காதில் விழுந்தது கள் மட்டுமே. "நானா? கள்ளா? மயிலம் முருகன் மேலே ஆணை, என் வாயிலே ஒரு சொட்டு பட்டதில்லேன்னு சொல்லுடா அவகிட்டே!" என்று கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அடுத்து இருதயப் படம் எடுத்துப் பார்த்த மருத்துவர், "குண்டெகாய பாகானே உந்தி" என்றார். இருதயம் நன்றாகவே இருக்கிறது என்பது பொருள். எங்கள் ஊரில் குண்டிக்காய் என்பது சிறுநீரகம். "என் குண்டிக்காய்க்கு என்னடா ஆச்சு, மறைக்காம சொல்லு" என்று அன்றிரவெல்லாம் நச்சரித்தார். உறவு மொழிதான், ஆனால் நோயாளியின் கட்டிலருகே அந்த உறவையே நம்பியிருக்கக்கூடாது போலும். நோவைச் சொல்லும் நாலு சொற்களையாவது தாயாருக்குக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும் என்று மருமகள் வருந்தினாள்.

அண்ணனிடம் தொலைபேசியில் நடந்ததை உள்ளபடி சொன்னோம். அவர் பேசாமல் இருந்தார். பிறகு, "அங்கே பார்த்துக்க முடியலேன்னா அனுப்பிவை" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. நாங்கள் மறுமொழி சொல்லுமுன் தாயார் தொலைபேசியை வாங்கி, "நான்தான் ரெண்டையும் முழுங்கினேன். பிள்ளைங்களை ஏன் கேக்கறே?" என்றார். எங்களைக் காக்க அவர் சொன்ன அந்தச் சொல், அண்ணன் கேட்டதைவிட அதிகமாக உறைத்தது.

தாயார் ஊருக்குப் போகவில்லை. இப்போது மருந்துகள் மருத்துவர் எழுதியபடி மாறிவிட்டன, கிளிமிபிரைடு நின்றுவிட்டது. சமையலறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். மருந்தின் உள்பெயர், அளவு, வேளை எல்லாம் தமிழிலும் தெலுங்கிலும் இருக்கின்றன. தெலுங்கில் எழுதித் தந்தவர் கீழ்வீட்டு அம்மாள். மருத்துவ அட்டையில் தாயாரின் பெயரும் ஏறியது. இழுப்பறைத் தாள்களை மறுவாரமே கொடுத்துவிட்டோம். எதிர்ப் பட்டறைப் பிள்ளைகள் மூவரும் கஞ்சம் மாவட்டத்தவர் என்று கேட்டறிந்தோம். அவர்களுக்கென்று தாயார் சுட்ட வடையைத் தட்டோடு எடுத்துச் சென்றபோது, எண்ணெய்க் கையை எதில் துடைப்பது என்று தெரியாமல் விழித்தார்கள். தாயார் தம் முந்தானையை நீட்டிவிட்டார்.

அடுத்த கிருத்திகைக்குச் சிகந்தராபாத் பத்மராவ் நகரில் இருக்கும் கந்தகிரிக்கு அழைத்துச் சென்றோம். நம்மவர் நிறைந்த முருகன் கோயில். அர்ச்சகர் தமிழில் பேசியதும் தாயாருக்கு மயிலத்துக்கே வந்துவிட்டதுபோல் ஒரு முகமலர்ச்சி. உபவாசம் இல்லை என்பதுதான் மனக்குறை. காலையில் நாலு இட்டிலியைத் தின்றுவிட்டு முருகன் முன்னே எப்படி நிற்பது என்று வழியெல்லாம் புலம்பினார். சந்நிதியில் நின்று நெடுநேரம் ஏதோ முணுமுணுத்தார். என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்டதற்கு, "வேண்டிக்கலே, இட்டிலி விஷயத்தைச் சொன்னேன்" என்றார்.

நாள்தோறும் காலையில் கீழ்வீட்டு அம்மாள் கோலம் போட்டுவிட்டு அண்ணாந்து, "அம்மா, கள்ளு திருகுதுன்னாயா?" என்று குரல் கொடுக்கிறார். மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தாயார், "லேது, லேது!" என்று மறுமொழி சொல்கிறார். அதற்குள் எதிர்ப்புறத்தில் இரும்பு அறுக்கும் ஓசை தொடங்கிவிடுகிறது.